பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்: சிறு முதலில் ஒரு விளையாட்டுக் கணினி

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களில் குடியிருக்கும் நடுத்தரக் குடும்பங்களில், பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் தறுவாயில், படிப்புக்கும் ஆக வேண்டும், விளையாட்டுக்கும் ஆக வேண்டும், செலவும் ஐம்பது அறுபதினாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளோடு ஒரு கணினி வாங்கும் யோசனை எழுவது இந்நாளில் சர்வ சாதாரணமான விஷயம். யோசனை எழுந்த மறுகணமே, பிராசஸர் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்ற தர்க்கம் ஆரம்பமாகிவிடுகிறது. தெரிந்த நண்பர் ஒன்று சொல்வார், கடைக்காரர் வேறொன்று சொல்வார், யூடியூபில் பேசுகிறவர் இவ்விருவரும் சொல்லாத மூன்றாவதொன்றைச் சொல்வார். மூவர் சொல்வதும் அவரவர் நோக்கில் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், எந்தத் திரையில் எந்த விளையாட்டை ஆடப்போகிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்ளாதவருக்கு அம்மூவராலும் பிரயோஜனம் இல்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் திரையிலிருந்து தொடங்கிக் கார்டுக்கும், கார்டிலிருந்து பிராசஸருக்கும் வருவோம். கடைகளில் கேட்கும் வரிசை இதற்கு நேர் தலைகீழானது என்பதை அறிந்தே இப்படிச் செய்கிறோம்.

விளையாட்டின் ஒவ்வொரு காட்சியும் திரையில் தோன்றுவதற்கு இந்த இரண்டு சாதனங்களும் முறை வைத்து உழைக்கின்றன. ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான், எதிரி சுட்ட குண்டு யார்மேல் பட்டது, கதவு திறந்ததா மூடியதா என்ற கணக்குகளையெல்லாம் பிராசஸர் முடித்து, இன்ன உருவத்தை இன்ன இடத்தில் வரைக என்று கட்டளைச் சீட்டு எழுதிக் கொடுக்க, அந்தச் சீட்டின்படி புள்ளி புள்ளியாக நிறம் தீட்டிப் படத்தைப் பூர்த்தி செய்வது கிராபிக்ஸ் கார்டு. அகலத்தில் 1920-உம் உயரத்தில் 1080-உமாகப் புள்ளிகள் அமைந்த சாதாரணத் திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒரு படத்தை முடிக்க 16.7 மில்லிவிநாடிதான் அவகாசம்; 144 படங்கள் வேண்டுமானால் 7 மில்லிவிநாடிகூட இல்லை. இனி, திரையை 2560-க்கு 1440 என்று பெரிதாக்கினால் புள்ளிகள் 36,86,400 ஆகிவிடுவதால் கார்டின் சுமை முக்கால் பங்குக்கு மேல் ஏறுகிறது. பிராசஸரின் சுமையோ ஏறக்குறைய இருந்தபடியே இருக்கிறது, ஏனெனில் குண்டு பட்டதா இல்லையா என்ற கணக்கு திரையின் அளவைப் பொறுத்ததன்று. புள்ளிகள் பெருகினால் கார்டு திணறும். விநாடிக்கு வேண்டிய படங்கள் பெருகினால் பிராசஸர் திணறும். இந்த ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டால், ‘பாட்டில்நெக்’ என்று இளைஞர்கள் ஓயாமல் விவாதிக்கும் விவகாரம் பாதிக்குமேல் தெளிந்துவிடும்.

வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள், ஓவியத்தில் சிக்கனமும் வேகத்தில் பேராசையும் கொண்டவை. எளிய கார்டிலும் அவை தாராளமாக ஓடும்; ஆனால் 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கிவைத்துக்கொண்டு அதன் முழு வேகத்தையும் அனுபவிக்க விரும்புகிறவர் பிராசஸரில் லோபித்தனம் காட்டலாகாது. மாறாக, சைபர்பங்க் 2077 போன்று கதையும் நகரமும் மழையும் நிழலுமாக விரியும் விளையாட்டுகளை, வீட்டில் முன்பே இருக்கும் 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் திரையில் நிதானமாக ஆடுகிறவருக்கு, விநாடிக்கு 75 படத்துக்கு மேல் வந்தால் திரை அதைக் காட்டப்போவதே இல்லையாதலால், பணத்தின் பெரும்பங்கு கார்டுக்கே போகவேண்டும். திரையை விலக்கி, மற்ற பாகங்கள் அனைத்துக்கும் ஒதுக்கிய தொகையில் கார்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும், பிராசஸருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமலும் வைத்துக்கொள்வது நியாயமான விகிதம் என்பது என் அபிப்பிராயம். போட்டி விளையாட்டு ஒன்றையே ஆடுபவர் இதைச் சற்று மாற்றிக்கொள்ளலாம்.

இனிக் கார்டுக்கு வருவோம். நம்மவர் அதிகமாகப் பணம் இழக்கும் இடமும் இதுவே. காரணம், இந்த வியாபாரத்தில் ஒரே பெயரை வெவ்வேறு சரக்குக்கு வைக்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. “நாலு ஜி.பி. கார்டு தம்பி, எல்லா கேமும் ஓடும்” என்று சொல்லி நீட்டப்படும் பெட்டியில் ஜி.டி. 730 என்று எழுதியிருந்தால் அது 2014-இல் வெளிவந்த வம்சம். அந்தப் பெயரிலேயே 96 கணக்குக்கூறுகள் கொண்ட பழைய சிப்பும் உண்டு, 384 கொண்ட வேறு சிப்பும் உண்டு. நினைவகம் 4 ஜி.பி. என்பது உண்மையாகவே இருந்தாலும், அது மெதுவான டி.டி.ஆர். 3 வகையாக இருக்கையில், அந்த நாலு ஜி.பி.யை நிரப்பி எடுத்து வேலை செய்யும் சக்தி சிப்புக்குக் கிடையாது. மானிட்டரில் படம் வர வேண்டும் என்ற அளவுக்கு அது போதும், விளையாட்டுக்கு ஆகாது. ஜி.டி. 1030 இன்னும் நல்ல உதாரணம். 2017-இல் ஜி.டி.டி.ஆர். 5 நினைவகத்தோடு வந்த அந்தக் கார்டு விநாடிக்கு 48 ஜி.பி. தகவலைக் கடத்தக்கூடியது, அடுத்த ஆண்டே அதே பெயரில் டி.டி.ஆர். 4 நினைவகத்தோடு வந்த மற்றொன்று 16.8 ஜி.பி. மட்டுமே கடத்துகிறது. பெயர் ஒன்று, பெட்டியின் தோற்றம் ஏறக்குறைய ஒன்று, கடத்தும் சக்தியோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்!

மேல் வகுப்பிலும் இந்த விளையாட்டு ஓய்ந்தபாடில்லை. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு 8 ஜி.பி. நினைவகமும் 2,560 கணக்குக்கூறுகளும் 128 பிட் நினைவகப் பாதையும் உடையது. 2024-இல் 6 ஜி.பி.யோடு வந்த அதே பெயர்க் கார்டில் கணக்குக்கூறுகள் 2,304 ஆகவும் பாதை 96 பிட்டாகவும் குறைந்துவிட்டன. 6 ஜி.பி. கார்டுக்கு ஒரு நற்குணம் உண்டு; 70 வாட்டிலேயே அது அடங்கிவிடுவதால் தனி மின்கம்பி வேண்டியதில்லை. அந்தக் குணத்தை நாடி வாங்குவது விவேகம். நினைவகத்தில் மட்டுமே இரண்டு ஜி.பி. குறைவு, மற்றதெல்லாம் சமம் என்று எண்ணி வாங்குவது ஏமாற்றம். ஆர்.எக்ஸ். 580 என்ற புகழ்பெற்ற கார்டும் 2017-இல் 2,304 கூறுகளோடு வந்தது. பிறகு ‘2048 எஸ்.பி.’ என்ற வால் ஒட்டிய, கூறு குறைந்த உருப்படி சந்தைக்கு வந்து, அந்த வால் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சிற்றெழுத்தாக நின்றுவிட, பேச்சுவழக்கில் இரண்டும் ‘ஐந்நூற்றெண்பது’ என்றே அழைக்கப்படுகின்றன. ஆகையால் கடையில் கேட்கவேண்டியவை நான்கு: நினைவகம் எத்தனை ஜி.பி., அது எந்த வகை, பாதை எத்தனை பிட், வாட் எவ்வளவு. விடை சொல்லத் தயங்குகிற கடையில், கைபேசியில் தயாரிப்பாளரின் பக்கத்தைத் திறந்து, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் முழு மாடல் எண்ணை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் கூச்சப்படவேண்டிய அவசியம் இல்லை.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்ற கார்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். விலை வசீகரமாகத் தோன்றும். ஆனால் அதில் 4 ஜி.பி. நினைவகமும் 64 பிட் பாதையுமே உண்டு. மதர்போர்டோடு பேசுவதற்கும் நான்கே வழித்தடங்கள். நான்காம் தலைமுறை பி.சி.ஐ.இ. உள்ள போர்டில் அது ஒருவாறு சமாளிக்கும். ஏ520, பி450 போன்ற மூன்றாம் தலைமுறைப் போர்டில் செருகினால் வழித்தடத்தின் வேகம் பாதியாகிவிடுவதால், நினைவகம் நிரம்பிய நிமிஷத்திலிருந்து படம் விட்டுவிட்டுத் துள்ளும். சிறு முதலுக்காக மலிந்த போர்டை வாங்குகிறவரே இந்த மலிந்த கார்டையும் வாங்குவார் என்பதுதான் இதிலுள்ள விபரீதம். விளையாடுவதைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்ற ஆசைப்படும் பிள்ளைக்கும் இது உதவாது. வீடியோவைச் சுருக்கிப் பதியும் உறுப்பு இந்தச் சிப்பில் வைக்கப்படவே இல்லை.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் எஞ்சுவது என்ன? 1920-க்கு 1080 திரைக்கு, 8 ஜி.பி. நினைவகமும் 128 பிட் பாதையும் உடைய கார்டைக் கீழெல்லையாக வைத்துக்கொள்ளலாம். 2021-இல் வெளிவந்த ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட்டில் அந்த வேலையை நேர்த்தியாகச் செய்கிறது. சிறு முதல்காரருக்கு இத்தனை ஆண்டுகளாக உற்ற துணையாக இருந்துவருவது அதுதான். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தவருக்கு 2023-இன் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட்டிலேயே அதைவிட அதிகமாக உழைப்பதோடு, குறைந்த புள்ளிகளில் வரைந்து பிறகு பெருக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். என்ற வித்தையையும் தருகிறது. 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5050 கார்டும் இதே வகுப்பைச் சேர்ந்ததுதான். இவற்றில் எது வாங்குவதற்கு உகந்தது என்பதை அன்றைய விலையே நிர்ணயிக்கவேண்டும். புதிய விளையாட்டுகளில் ஓவியத் தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பி. போதாமல் போவதும் உண்டு. ‘மீடியம்’ என்ற நடுத்தரத்தில் வைத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை. இன்டெல் கம்பெனியின் ஆர்க் பி580 கார்டு 12 ஜி.பி. நினைவகத்தோடு 2024 டிசம்பரில் வந்தபோது பலர் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்குவதால், பலம் குறைந்த பிராசஸரோடு சேரும்போது அது முழுச் சக்தியையும் காட்டுவதில்லை என்பது அடுத்த மாதத்துச் சோதனைகளிலேயே தெரிந்துபோயிற்று. ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அதை மாட்டுவதும் வீண்.

பழைய ஜி.டி.எக்ஸ். 1650, ஆர்.எக்ஸ். 580 வகைகளை இன்று புதிதாக வாங்குவதற்கு விரோதமாக மற்றொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ‘ரே டிரேசிங்’ உறுப்பு இருந்தாலன்றித் திறக்கவே மறுக்கும் விளையாட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதத்து ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை.

பிராசஸர் விஷயத்தில் இவ்வளவு சூது இல்லை. ஆதலால் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2022-இல் வந்த இரண்டு பிராசஸர்கள் இன்றும் இந்த வகுப்புக்குப் போதுமானவை: இன்டெலின் ஐ5-12400எஃப், ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இவற்றுக்கும் எட்டாத கைக்கு, நான்கு கோரும் எட்டுத் திரெட்டும் உள்ள ஐ3-12100எஃப் வியக்கத்தக்க அளவுக்கு ஈடுகொடுக்கும். ரைசன் 5 5500 என்பது 5600-இன் தம்பி போலப் பெயரில் தோன்றினாலும், உள்நினைவு 32 எம்.பி.க்குப் பதிலாக 16 எம்.பி.யாகவும், கார்டோடு பேசும் பாதை மூன்றாம் தலைமுறையாகவும் இருப்பதால், விலையில் நல்ல வித்தியாசம் இருந்தாலன்றி நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஏ.எம். 4 என்னும் ரைசன் 5600-இன் சாக்கெட் முடிந்துபோன வம்சம் என்று சொல்லி, 2022-இல் பிறந்த ஏ.எம். 5-க்கு இழுப்பவர்கள் உண்டு. எதிர்காலத்தில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற அவர்கள் வாதம் சரியானதே, ஆனால் ஏ.எம். 5 போர்டு டி.டி.ஆர். 5 ராமை மட்டுமே ஏற்கும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்ட நிலையில், அந்த வித்தியாசத்தைக் கார்டில் போடுவதே சிறு முதல்காரருக்கு லாபம். ராம் எதுவாயினும் 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்காமல், எட்டும் எட்டுமாக இரண்டு துண்டாக வாங்கி, இரண்டு பாதைகளும் திறக்கும்படி மாட்டவேண்டும்.

இன்டெல் பிராசஸரின் பெயர்க் கடைசியில் நிற்கும் ‘எஃப்’ என்ற எழுத்து, உள்ளே கிராபிக்ஸ் உறுப்பு கிடையாது என்பதற்கு அடையாளம். கார்டுதான் தனியாக இருக்கிறதே, இது எதற்கு என்று கடைக்காரர் கேட்பார். கொஞ்சம் பணம் மிச்சமாவதும் உண்மை. ஆனால் கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போய்த் திரும்பி வரும்வரையில், ‘எஃப்’ பிராசஸர் உள்ள கணினி திரையில் ஓர் எழுத்தும் காட்டாது. வீட்டில் இருப்பது அந்த ஒரே கணினி. அதில்தான் தகப்பனார் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறார், அதில்தான் பிள்ளை பிராஜெக்ட் அறிக்கை எழுதுகிறான் என்றால், ‘எஃப்’ இல்லாத ஐ5-12400 பிராசஸரை வாங்குவதே உத்தமம். ரைசன் 5600-இலும் அந்த உறுப்பு இல்லை, ஏ.எம். 5 வம்சத்தில் பெரும்பாலானவற்றில் சிறிய அளவில் உண்டு.

கார்டு வாங்கவே இப்போது சக்தி இல்லை, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துப் பார்க்கலாம் என்பவருக்கு வேறொரு வழி இருக்கிறது. 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே வேகா 7 என்ற கிராபிக்ஸ் உறுப்பு இருக்கிறது. 2024-இன் ரைசன் 5 8600ஜி பிராசஸரில் ரேடியான் 760எம் என்ற அதைவிடப் பலமான உறுப்பு. வேலரண்டும் ஜி.டி.ஏ. 5-உம் இவற்றில் தாராளமாக ஆடலாம். இவை தனி நினைவகம் இல்லாமல் ராமையே கடன் வாங்கி வேலை செய்வதால், இரண்டு துண்டாக ராம் போடவேண்டும் என்று மேலே சொன்ன விதி இங்கே கட்டளையாகவே ஆகிவிடுகிறது. ஒரே துண்டு போட்டால் பாதை பாதியாகி, விளையாட்டின் வேகமும் அதற்கேற்ப விழுந்துவிடும்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகமான மெப்ஸிலிருந்து, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் பரவியிருக்கும் மென்பொருள் அலுவலகங்கள் வரையில், ஆண்டுதோறும் கழித்துக்கட்டப்படும் கணினிகள் ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் நம் பக்கத்துக் கடைகளுக்கு வந்து குவிகின்றன. மலிவில் ஒன்றை வாங்கி, ஒரு கார்டைச் செருகினால் விளையாட்டுக் கணினி தயார் என்ற யோசனை கேட்க இனிமையானது. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் மெலிந்த பெட்டியில் அரை உயரக் கார்டுதான் நுழையும். உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி கார்டுக்கென்று தனிக் கம்பி தராது. ஆகவே 75 வாட்டுக்குள் அடங்கும் ஜி.டி.எக்ஸ். 1650, 6 ஜி.பி. 3050 ஆகியவற்றின் குட்டை உருவங்களைத் தவிர வேறு வழியில்லை. பிராசஸர் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாக இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஆடுவதற்கு டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இருந்தே ஆகவேண்டும். ஆகவே எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, முழு உயர டவர் பெட்டி என்ற இரண்டும் வாய்த்தால் மட்டும் இந்த வழியில் போகலாம்.

வெளிநாட்டு விமர்சகர்கள் சொல்லாத, ஆனால் நம் பிரதேசத்தில் தீர்மானமான இடம் பெறவேண்டிய விஷயம் உஷ்ணம். அவர்கள் கார்டுகளைச் சோதிக்கும் அறை பெரும்பாலும் இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரிக்குள் இருப்பது. மே மாதத்துக் கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில் பாதரசம் 40-ஐத் தாண்டும் நாட்களில், குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ மொட்டைமாடிக்கு நேர் கீழே அமைந்த அறை, ஏ.சி. இல்லாவிட்டால், இரவு எட்டு மணிக்கும் முப்பத்தைந்தில் நிற்கும். கார்டின் சூடு அறையின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்ற கணக்கில்தான் ஏறும் என்பதால், அங்கே 65 டிகிரியில் அமைதியாக ஓடிய கார்டு இங்கே எண்பதை நெருங்குகிறது. எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எனவே, ஏறக்குறையச் சமமான இரண்டு கார்டுகளில் வாட் குறைந்ததையும், ஒரே மாடலில் ஒற்றை விசிறியைவிட இரட்டை விசிறி உடையதையும் தேர்ந்தெடுப்பது நம் ஊருக்குப் பொருந்திய விவேகம். முகப்பு முழுதும் கண்ணாடி போட்டு வர்ண விளக்கு மின்னும் கேபினெட் பார்வைக்கு அழகுதான். காற்று நுழைய இடமில்லாத அந்த அழகுக்காக விநாடிக்குப் பத்துப் படங்களைப் பலிகொடுப்பதைவிட, சல்லடை முகப்புள்ள சாதாரண கேபினெட் மேல். ஜி.எஸ்.டி. சாலைக்கு அருகில் குடியிருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூசியை ஊதி எடுக்கவேண்டும். பின்புறத் துவாரங்களைத் திறந்து போட்டுவைத்தால் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே பல்லி குடியேறிச் சுருண்டு, தானும் மடிந்து அதையும் மடித்துவிடும் சம்பவங்களும் நம் பக்கத்தில் அபூர்வமல்ல. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்களில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு, கேபினெட்டை மேஜைமேல் வைக்கவேண்டியதன் காரணத்தை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மின்சாரத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். ரைசன் 5600-உம் ஆர்.எக்ஸ். 6600-உம் சேர்ந்த கணினி, திரையோடு சேர்த்து விளையாட்டின்போது ஏறக்குறைய 250 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு முக்கால் யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 45 யூனிட். 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைத்துவந்தாலும், ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் அதை முதல் சில வாரங்களிலேயே தின்றுவிடுவதால், இந்த 45 யூனிட் மேல்படிக் கட்டணத்தில்தான் விழும். எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத 500 வாட் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 450 அல்லது 550 வாட் ஒன்றை வாங்கவேண்டும். சாதாரணமாக வீடுகளில் வைக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். 360 வாட்தான் தரும். மேற்சொன்ன கணினிக்கு அது போதும். 200 வாட்டை நெருங்கும் கார்டு வந்தால் போதாது. பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருந்தும் எர்த் கம்பி வராமல் இருப்பதுண்டு. கேபினெட்டின் திருகாணியைத் தொட்டால் விரலில் சுரீரென்று இருந்தால், முதலில் எலக்ட்ரீஷியனை அழைக்கவும்.

வாங்குவதற்கு வேளச்சேரியிலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் கடைகள் உண்டென்றாலும், விலையை ஒப்பிட்டுப் பார்க்க ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரைப் பாதையில் எழும்பூரிலோ பார்க்கிலோ இறங்கி, அண்ணா சாலைப் பக்கம் போனால் சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய அந்தத் தெருவும் நரசிங்கபுரம் தெருவும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். அமெரிக்க டாலர் விலையை ரூபாயாக மாற்றி அந்த விலைக்கே கேட்பது பயனற்ற முயற்சி. 18 சதவீத ஜி.எஸ்.டி. அதன்மேல் ஏறுகிறது. “பில் இல்லாம எடுத்துக்குங்க சார், கொறச்சுத் தர்றேன்” என்ற அழைப்புக்கு இணங்கவேண்டாம். மூன்று வருஷ வாரன்டி அந்தப் பில்லிலும் அதில் எழுதும் சீரியல் எண்ணிலும்தான் உயிர் வாழ்கிறது. பெட்டியில்லாமல் ‘ட்ரே’ என்று விற்கப்படும் பிராசஸர் மலிவாக இருக்கலாம். விசிறி தனியாக வாங்கவேண்டும், வாரன்டி கடைக்காரரின் வாய்ச்சொல்லாகவே இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர் ஒரு சரித்திரத்தை அறிந்திருக்கவேண்டும். எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கணக்கிட்டு எடுப்பதற்காக மாதக்கணக்கில் இரவு பகலாக உழைத்த கார்டுகள், 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த முறையே மாறிப்போனதும் உலகெங்கும் சந்தையில் கொட்டப்பட்டன. அவற்றில் நல்லதும் உண்டு. விசிறியும் உள்ளேயிருக்கும் வெப்பப் பட்டைகளும் தேய்ந்திருப்பதே பொதுவான குறை. விற்பவர் வீட்டிலேயே மாட்டச் சொல்லி, கனமான விளையாட்டு ஒன்றை இருபது நிமிஷம் ஓடவிட்டு, விசிறியின் ஒலியையும் சூட்டையும் கவனிக்கவேண்டும். ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் சிப்பின் உண்மைப் பெயரும் பாதையின் பிட்டும் நினைவக வகையும் வெளிப்பட்டுவிடும். பழைய சிப்புக்குப் புதிய பெயர் எழுதிய போலி என்விடியா கார்டுகளை அது 2018 முதலே அடையாளம் காட்டிவருகிறது. மாட்டிக் காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசுவதைவிடத் திரும்பிவிடுவது நல்லது.

எல்லாம் பூட்டி முடித்து, விளையாட்டு எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை என்று தோன்றினால், அது ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து கார்டின் உழைப்பு எத்தனை சதவீதம் என்று பார்க்கவேண்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் நின்றால் கார்டு தன்னால் இயன்றதைச் செய்கிறது. ஓவியத் தரத்தைக் குறைத்தால் வேகம் வரும். அறுபதிலோ எழுபதிலோ நின்று, தரத்தைக் குறைத்தும் படங்கள் கூடவில்லையானால், பிராசஸர்தான் பின்தங்குகிறது. அப்போது கார்டை மாற்றுவது பணத்தைக் கூவத்தில் போடுவதாகும். இந்த இரண்டும் இல்லாமல் எல்லாமே மந்தமாக இருந்தால், மானிட்டரின் கம்பி கார்டில் செருகப்படாமல் போர்டின் துவாரத்தில் செருகியிருக்கிறதா, ராம் இரண்டு துண்டும் சரியான இடங்களில் உட்கார்ந்திருக்கின்றனவா, 144 ஹெர்ட்ஸ் திரை விண்டோஸ் அமைப்பில் இன்னும் 60 என்றே கிடக்கிறதா என்று பாருங்கள்; கடைக்காரருக்குப் போன் செய்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.